எக்ஸல் மட்டத்துக்குத் தண்ணீர்

எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தின்மேல் தண்ணீர் ஏறினால் நாங்கள் அதை அடிக்கணக்கில் பேசுவதில்லை. ரிம் மட்டம், எக்ஸல் மட்டம், சேசி மட்டம் என்றுதான் கணக்கு. அக்கரையிலிருந்து வந்தேறிய ட்ரெக்டரின் டயரில் ஈரம் எதுவரை நிற்கிறது என்று பார்த்து, நம்முடைய லொறிக்கு அது எதுவரை வரும் என்று மனதுக்குள் அளந்துகொள்வோம். ரிம் மட்டமென்றால் யோசிக்கவே மாட்டோம். சேசி மட்டமென்றால் பொலிஸார் பாதையை மறித்திருப்பார்கள். லொறியை ஓரங்கட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவோம். இரண்டுக்கும் நடுவிலுள்ள எக்ஸல் மட்டம்தான் ஆளை ஏமாற்றும். முதல் கியரைப் போட்டு, அக்சிலேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டு போனால் அக்கரை சேர்ந்துவிடலாம். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஏறியதும் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்து உலர்த்திக்கொண்டால் போதும் என்றுதான் அந்தப் பாதையில் ஓடிய எல்லோரும் நினைத்திருந்தோம்.

போர் முடிந்த கையோடு, 2010, 2011 காலத்துக் கதை இது. வில்பத்துக் காட்டுக்குள்ளே மூடிக்கிடந்த பழைய புத்தளம் – மன்னார் பாதை மறுபடி திறந்திருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பக்கத்திலிருந்து புத்தளத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 20 வருடத்துக்குப் பிறகு சனம் திரும்பிப் போய், காடேறிக் கிடந்த வளவுகளை வெட்டித் துப்புரவாக்கத் தொடங்கியது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, கொண்டச்சி, சிலாவத்துறை என்று எங்கே பார்த்தாலும் வீட்டு வேலை. சீமெந்து வேண்டும், கூரைத் தகடு வேண்டும், கதவு நிலை வேண்டும். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கையிலிருந்த காசையும் கடன் வாங்கிய காசையும் சேர்த்து ஒரு பழைய எல்ஃப் லொறி வாங்கினார். நான் கிளீனராக ஏறினேன். போகும்போது சீமெந்து, வரும்போது சிலாவத்துறைக் கருவாடு. மதவாச்சி, அனுராதபுரம் என்று சுற்றி வந்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு தூரம். டீசலுக்கே வாடகை போய்விடும். ஆகையால் எங்களுக்கு எலுவன்குளத்துப் பாதையை விட்டால் பிழைப்பில்லை.

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு தாண்டி எலுவன்குளம் வரை தார்ப் பாதை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதோடு ஊர் முடிந்து கலா ஓயா வந்துவிடும். ஆற்றைக் கடந்தால் காடு. காட்டுக்குள்ளே செம்மண். வெயிலில் அது மாவாகப் பறக்கும், மழையில் பசையாக ஒட்டும். காய்ந்து இறுகினால் சுத்தியல்தான் எடுக்க வேண்டும். லொறியின் அடிப்பாகத்தில் அந்த மண் ஒட்டாத இடம் கிடையாது. மேலே பொம்பரிப்பு, அதற்கப்பால் மோதரகம் ஆறு, அதையும் தாண்டினால் மறிச்சுக்கட்டி. ஒரு தடவை போய்வந்தால் இரண்டு ஆற்றையும் இருமுறை கடந்திருப்போம்.

ஒயில் ஒழுகுவதை முதலில் கண்டது வீட்டு முற்றத்தில். இரவில் லொறி நின்ற இடத்தில், பின் சில்லுக்கு உட்புறமாக, மணலில் கறுப்பாக ஒரு கறை. மறுநாள் இடது பின் டயரின் உள்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. அதைவிடப் பயம் தந்தது பிரேக். ஒயில் லைனருக்குள் இறங்கிவிட்டதால், மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. சீமெந்து ஏற்றிய லொறி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால், அதை ஓட்டுகிறவனுக்கு வயிறு கலங்கும். காட்டுக்குள்ளே யானை குறுக்கே நிற்கிற பாதை வேறு.

நகரத்தில் ஒரு கராஜில் காட்டினோம். ஹப்பைக் கழற்றினார்கள், சீலை மாற்றினார்கள், லைனரைக் கழுவிப் பூட்டினார்கள். சில கிழமைகள் நன்றாக ஓடியது. பிறகு டிபரன்ஷலின் மூக்குப் பக்கம், புரொபெல்லர் ஷாப்ட் வந்து பூட்டுகிற இடத்தில், ஒழுகத் தொடங்கியது. அந்தப் பினியன் சீலையும் மாற்றினார்கள். அடுத்தது வலது ஹப். அது முடிய மறுபடி இடது ஹப். ஒவ்வொரு தடவையும் புது சீல். பழையதை எடுத்துக் காட்டுவார்கள், அதன் உதடு தேய்ந்துதான் இருக்கும். தேய்ந்த சீலைக் கண்ணால் கண்ட பிறகு வேறு காரணம் தேட யாருக்குத் தோன்றும்? மாமா மட்டும் ஒருநாள் முகம் கறுத்துப் போய், "ஒரு சில்லு அழுது முடிய மத்த சில்லு அழுகுது மகன், இந்த லொறிக்கு என்னமோ நோய் இருக்கு" என்றார். எனக்கு அந்தச் சொல் மனதில் தைத்தது. நோய் ஒன்று, அதன் புண் நாலு இடத்தில் என்று அவர் சொன்னதாகவே இப்போது எனக்குப் படுகிறது.

கலா ஓயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 148 கிலோமீட்டர் ஓடிவருகிற ஆறு. தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கலா வாவி அதன் தலைமாட்டில் இருக்கிறது. கீழே இராஜாங்கனைக் குளம். மேட்டில் மழை கொட்டினால் இராஜாங்கனையின் வான்கதவுகளைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் எலுவன்குளத்துக்கு வந்துசேரப் பல மணி நேரம் எடுக்கும். ஆகவே இங்கே வெயில் எறிக்கும், வானம் துடைத்து விட்டாற்போலக் கிடக்கும், ஆறு மட்டும் பாலத்துக்கு மேலால் செந்நிறமாகப் போய்க்கொண்டிருக்கும். மாரியில் அப்படியொரு நாளில்தான் லொறி நிறைய சீமெந்தோடு நாங்கள் இக்கரையில் மாட்டிக்கொண்டோம். காலையில் கடக்கலாம் என்று புறப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் கடை வாசலில் குந்தியிருந்தார்கள்.

எங்கள் லொறியின் கீழே மணலில் கறை பரவுவதை முதலில் கவனித்தவர், கடையில் வெற்றிலை வாங்க வந்த ஒரு முதியவர். ஊரில் எல்லோரும் அவரைப் பாஸ் என்றே கூப்பிட்டார்கள். சிங்களவர்; தமிழை எங்களைப்போலவே கதைப்பார். பக்கத்து அருவக்காட்டுச் சுண்ணாம்புக் கல் அகழ்வில் பெரிய டம்பர் வண்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே வெட்டுகிற கல்தான் ரயிலேறிப் பாலாவி சீமெந்து ஆலைக்குப் போகிறது. எங்கள் லொறியில் கிடந்த மூட்டைகளும் அங்கிருந்து வந்தவைதான். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சாக்கை விரித்துப் போட்டு, வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துவிட்டார்.

வெளியே வந்தபோது விரலில் ஒயில். அதை முதலில் வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு முகர்ந்தார், பிறகு பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துத் தேய்த்தார். என்னையும் அப்படியே செய்யச் சொன்னார். இஞ்சின் ஒயில் என்றால், டீசல் வண்டியில், கரி கலந்து கறுத்திருக்கும். பிரேக் ஒயில் மெல்லியது; தண்ணீர் பட்டால் கரைந்து போகும், பெயின்டையும் தின்றுவிடும். கியர் ஒயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் உண்டு. பல்லும் பல்லும் நசுங்குகிற இடத்தில் இரும்பைக் காப்பாற்றுவதற்காக அதில் கந்தகச் சேர்மானம் போடுகிறார்கள். ஒருதரம் முகர்ந்தவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது. எங்களுடையது அந்த நாற்றம்தான். ஆனால் நிறம் சரியில்லை. தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கலங்கியிருந்தது. பாஸ் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாரே தவிர வாய் திறக்கவில்லை.

"மல்லி, இத இப்படியே பாத்தா ஒண்டும் தெரியாது. ஓடுற வண்டியில காத்து ஒயிலப் பின்னால தள்ளும், கீழ இழுக்கும். நனைஞ்ச இடம் எல்லாம் சாட்சி இல்ல" என்றார். கடையில் மண்ணெண்ணெய் வாங்கி, பழைய பிரஷால் டிபரன்ஷல் தொட்டு இரண்டு ஹப் வரைக்கும் தேய்த்துக் கழுவினோம். செம்மண்ணும் ஒயிலும் சேர்ந்து இறுகிய ஓடு தட்டையான துண்டுகளாகக் கழன்று விழுந்தது. துணியால் துடைத்துக் காயவிட்டோம். பிறகு அவர் ரொட்டி சுடுகிற பெண்ணிடம் ஒரு கிண்ணம் கோதுமை மா கேட்டு வாங்கினார். அதைத் துணியில் முடிந்து, கழுவிய இடமெங்கும் தட்டித் தட்டி வெள்ளையாக்கினார். லொறியை வண்ணாத்திவில்லுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். மாமா ஓட்டினார். பாஸ் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் வெற்றிலையை மடித்தபடி பேசாமல் வந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், மா எங்கே நனைந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. பினியனைச் சுற்றி ஒரு வளையம். இடது ஹப்பின் உள்விளிம்பில் கோடு. வலது ஹப்பிலும் லேசாக ஈரம். கியர் பொக்ஸ் பின்சீல் காய்ந்தே இருந்தது. அதை அவர் தனியாக ஏறிட்டுப் பார்த்தார். இந்த வகை லொறியில் ஹான்ட் பிரேக் ட்ரம் கியர் பொக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அங்கே ஒழுகினால் முதலில் ஹான்ட் பிரேக் பிடிக்காமல் போகும். எங்களுக்கு ஹான்ட் பிரேக்கில் குறையே இருந்ததில்லை. ஆக, நோய் முழுவதும் பின் எக்ஸலுக்குள்தான். ஒரே எக்ஸலின் மூன்று வாய்களும், மூன்றும் அண்மையில் புது சீல் போட்டவை, ஒரே நேரத்தில் ஒழுகுகின்றன.

அப்போது அவர் செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எக்ஸல் இன்னும் சூடாக இருந்தது. டிபரன்ஷலின் பக்கவாட்டில் ஒயில் மட்டம் பார்க்கிற பிளக் ஒன்று உண்டு. ஒயில் ஊற்றுகிறதும் அதன் வழிதான். ஸ்பனரை அதில் கொளுவி மெதுவாகத் தளர்த்தினார். எங்களைக் கதைக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். கடைசிப் புரி கழல்வதற்கு முன்னம் உஸ் என்று ஒரு சத்தம். உள்ளே அடைபட்டிருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அதன் பின்னாலேயே ஒயில் வழிந்தது. துளையின் விளிம்புக்கு மட்டமாக நிற்க வேண்டிய ஒயில், இவ்வளவு நாள் ஒழுகிய பிறகு குறைந்திருக்க வேண்டிய ஒயில், அளவுக்கு மேலே நிறைந்து கிடந்தது. பால் தேத்தண்ணி நிறம்.

"தண்ணி" என்றார் மாமா.

"தண்ணிதான். ஆறு உள்ள போயிருக்கு" என்றார் பாஸ். பிறகு எக்ஸலின் மேற்புறத்தைக் கையால் தடவித் தேடினார். மண் ஓட்டுக்குக் கீழே, சுண்டுவிரல் நுனியளவில் ஒரு சின்ன மூடி. பிரீதர். நல்ல நிலையில் இருந்தால் அந்த மூடி விரல் பட்டாலே சுழலும், கொஞ்சம் மேலும் கீழும் ஆடும். எங்களுடையது அசையவே இல்லை. ஸ்பனரால் கழற்றி எடுத்து வாயில் வைத்து ஊதினார், காற்றுப் போகவில்லை. எனக்குத் தந்தார். நானும் ஊதினேன். காட்டுப் பாதையின் செம்மண் ஒயிலோடு குழைந்து அந்தத் துளையை அடைத்து இறுகிப் போயிருந்தது. அத்தனை சீலையும் தின்றது இந்த அடைப்புத்தான்.

அவர் மணலில் குந்தி, குச்சியால் படம் கீறி விளக்கினார். நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். எக்ஸலுக்குள்ளே பாதிக்கும் குறைவாக ஒயில், மீதி காற்று. வண்டி பாரத்தோடு ஓடும்போது பல்சக்கரங்களின் உராய்வில் ஒயிலும் காற்றும் சூடேறும். சூடேறிய காற்று விரியும். விரிந்தது வெளியேறவும், குளிர்ந்தால் திரும்ப உள்ளே வரவும்தான் பிரீதர் வைத்திருக்கிறார்கள். அது அடைபட்டால் காற்றுக்குப் போக வழியில்லை. சீலின் உதட்டைத்தான் தள்ளும். அந்த உதடு ஒயிலை மறிக்கச் செய்ததே தவிர அழுத்தத்தைத் தாங்கச் செய்ததல்ல. உள்ளிருந்து அழுத்தினால் அது சுழலும் உலோகத்தில் அழுந்தி, சூடாகி, நாளடைவில் தேய்ந்துபோகும். புது சீல் போட்டாலும் அதே கதிதான்.

இனி ஆற்றின் பங்கு. 80 பாகை சூட்டில் இருக்கிற எக்ஸல் 30 பாகைத் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளேயுள்ள காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது வந்தாக வேண்டும். பிரீதர் திறந்திருந்தால், தண்ணீர் அதற்குக் கீழே நிற்கிற வரையில், காற்று வரும். அடைத்திருந்தால் சீலின் ஓரத்தால் ஆற்றுத் தண்ணீர்தான் வரும். சீலின் உதடு உள்பக்கம் பார்த்திருப்பது. உள்ளேயிருந்து தள்ளினால் அச்சை இறுக்கிப் பிடிக்கும், உள்ளேயிருந்து உறிஞ்சினால் இளகிக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணீர், அதோடு கண்ணுக்குத் தெரியாத மணல். அக்கரை ஏறி மறுபடி ஓடினால் மறுபடி சூடு, மறுபடி அழுத்தம், இந்தத் தடவை ஒயில் வெளியே. எக்ஸல் மட்டத்தில் இறங்கினால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோமே, அந்த மட்டத்தில்தான் மூன்று சீலும் முழுசாகத் தண்ணீருக்குள் இருந்தன.

அருவக்காட்டிலும் மாரியில் குழிகளில் தண்ணீர் நிற்கும், சூடான டம்பர்கள் அதற்குள் இறங்கி ஏறும். அங்கேதான் இதைக் கற்றுக்கொண்டேன் என்றார். நகரத்துக் கராஜ்காரர்களை அவர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. லொறி எந்தப் பாதையில் ஓடுகிறது, எத்தனை ஆற்றில் இறங்குகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கழுவித் துடைத்துக் கொண்டுபோய் நிறுத்திய வண்டியைத்தான் அவர்கள் பார்த்தார்கள். நோயாளியிடம் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தாய் என்று கேட்பது வைத்தியருக்கு எவ்வளவு முக்கியமோ எனக்குத் தெரியாது. லொறியிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஸ்பனரை எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு அன்று முதல் சந்தேகமில்லை.

அன்றிரவு வண்டியை அசைக்க விடவில்லை. ஒயிலைவிடத் தண்ணீர் கனமானது. கலங்காமல் விட்டால் கரையாத தண்ணீர் அடியில் இறங்கி நிற்கும். விடியற்காலையில், வெளிச்சம் வந்ததும், அடிப் பிளக்கைக் கால் சுற்றுத் தளர்த்தினார். முதலில் வந்தது ஒயிலே இல்லை. மங்கலான தண்ணீர், சொட்டுச் சொட்டாக, பிறகு நூலாக. அதன் பிறகுதான் அந்த வெளிறிய கலவை. பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புத் தூளை விரலால் எடுத்துப் பார்த்தார். பசைபோலத் தூள் இருக்கலாம், அது தேய்மானம். செதிள் செதிளாக இருந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். எங்களுக்குத் தூள்தான். பெயரிங்குகளில் துரு ஏறும் முன்னம் பிடித்துவிட்டோம் என்றார். மாமா அதைக் கேட்டதும் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னார்.

வடித்த ஒயிலில் ஒரு துளியும் தரையில் விழ விடவில்லை அவர். இரண்டு கேன்களில் பிடித்து மூடி வைத்தார். ஆறு எலுவன்குளத்தைத் தாண்டிக் கங்கேவாடியில் கண்டல் காட்டுக்குள் நுழைந்து களப்பில் விழுகிறது. நண்டும் இறாலும் பிடித்துச் சீவிக்கிற சனம் அங்கே இருக்கிறது. அவருடைய சொந்தக்காரர்களும் அங்கேதான். "நீங்க ஒவ்வொரு தடவ கடக்கிறப்பவும் ஒயில் படலம் கீழ போகுது மல்லி, நான் பாத்திருக்கேன்" என்றார். நாங்கள் நட்டத்தைக் காசில்தான் எண்ணியிருந்தோம். ஒழுகிய ஒயில் எங்கே போகிறது என்ற கேள்வி அன்றுவரை எங்கள் யாருக்கும் வரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஓடுகிற வண்டி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சிந்தினால், கண்டல் வேரில் ஒட்டாமல் அது எங்கே போகும்?

சீல் வாங்க என்னைப் பஸ்ஸில் புத்தளத்துக்கு அனுப்பினார். பழைய சீலின் உடம்பில் மூன்று எண்கள் அடித்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. அதைக் கடதாசியில் எழுதித் தந்து, கடைக்காரர் "இதுவும் சரிவரும்" என்று வேறு எதையாவது தந்தால் வாங்காதே என்றார். புது லைனரும் எழுதினார். ஒயில் குடித்த லைனரைப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி மறுபடி பூட்டுகிற வழக்கம் பல இடத்தில் உண்டு. மாமாவும் செலவைக் குறைக்க அதைத்தான் கேட்டார். பாஸ் அதற்கு மட்டும் கோபப்பட்டார். மேலே எரிந்தாலும் உள்ளே ஊறினது போகாது, சூடேறினால் மறுபடி மேலே வரும், பிரேக்கில் மிச்சம் பிடிக்காதே என்று கடுமையாகச் சொன்னார். அவர் சொன்னதே சரி.

நான் திரும்பி வருவதற்குள் ஆறு இறங்காமல் மாட்டிக்கொண்டவர்களெல்லாம் கைகொடுத்து, சீமெந்து மூட்டைகளை இறக்கிக் கடைத் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தார்கள். பாரத்தோடு ஜாக்கி போட அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பினியன் வேலையில் அவர் எடுத்த கவனம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. புரொபெல்லர் ஷாப்டைக் கழற்றுமுன் இரண்டு விளிம்பிலும் சென்டர் பஞ்சால் குறி வைத்தார், அதே நிலையில் திரும்பப் பூட்டாவிட்டால் வண்டி அதிரும் என்பதால். பினியன் நட்டுக்கும் தண்டுக்கும் சேர்த்து இன்னொரு குறி. வெளியே எத்தனை புரி தெரிகிறது என்றும் எண்ணி வைத்தார். அந்த நட்டின் இறுக்கத்தில்தான் உள்ளே இருக்கிற இரண்டு பெயரிங்கின் அழுத்தமும் தங்கியிருக்கிறது. கூட இறுக்கினால் பெயரிங் சூடாகிச் சாகும், குறைந்தால் பினியன் ஆடிப் பல்லைத் தின்னும். குறிக்குக் குறி வந்து நிற்கும்படிதான் திரும்ப இறுக்கினார். பிளாஞ்சைக் கழற்றியதும், பழைய சீலின் உதடு ஓடிய இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டுப்பட்டது. பல சீல்கள் ஒரே கோட்டில் ஓடி உலோகத்தில் வாய்க்கால் வெட்டியிருந்தன. புது சீலையும் அதே ஆழத்துக்கு அடித்தால் அதன் உதடு அந்த வாய்க்காலில்தான் உட்காரும். ஆகவே மெல்லிய எமரித் தாளால் சுற்றுவாக்கில் மெருகிட்டு, சீலை ஒரு மயிரிழை வெளியே நிற்கும்படி, வட்டக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து நாலு பக்கமும் சமமாகத் தட்டி இறக்கினார். உதட்டில் ஒயில் தடவாமல் காய்ந்த சீலைப் பூட்டுவது அதைப் பூட்டும்போதே கொல்வது என்றார். ஹப் வேலை அதைவிடச் சுலபம். உள்ளே கிரீஸ் ஒயிலோடு கரைந்து கூழாகக் கிடந்தது, கழுவி, பெயரிங்குக்குப் புது கிரீஸ் அழுத்தி, சீல் மாற்றிப் பூட்டினோம்.

இவ்வளவும் செய்துவிட்டு அந்தப் பழைய பிரீதரைத் துப்புரவாக்கிப் பூட்டியிருந்தால் அடுத்த மாரியில் மறுபடி அதே கதையாகியிருக்கும். அவர் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தத் துளையில் குழாய் பொருத்துகிற ஒரு சின்ன முனையைப் பூட்டி, ஒயில் தாங்குகிற ரப்பர் குழாயைக் கொளுவி, எக்ஸல் ஏறி இறங்க இடம் விட்டு, சேசி ஓரமாக மேலே கொண்டுபோய் கெபினுக்குப் பின்னால் பாடியின் உயரத்துக்குக் கட்டினார். நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, மண்ணும் பூச்சியும் நுழையாமல் மெல்லிய கம்பிவலையைச் சுற்றினார். இனி எக்ஸல் முழுகினாலும் அது மூச்சு வாங்குகிற இடம் தண்ணீருக்கு மேலே. எல்லாப் பொருளுக்கும் சேர்த்து, ஒரு சீலின் விலைகூட ஆகவில்லை.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். ஆற்றங்கரைக்கு வந்தவுடன் இறங்காதீர்கள். வண்டியை நிறுத்தி டிபரன்ஷலைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடிகிற அளவுக்குச் சூடு தணிந்த பிறகு இறங்குங்கள். முதல் ஒயிலைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள், பெயரிங் இடுக்கில் ஒளிந்திருக்கிற ஈரம் அதோடு வந்துவிடும். கூலியாக இரண்டு மூட்டை சீமெந்தின் விலையை மாமா அவர் கையில் வைத்தார். பாஸ் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு அந்த எக்ஸலில் ஒழுக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் ஒயிலை வடித்தோம், லேசாகத்தான் கலங்கியிருந்தது. அடுத்த தடவை தெளிந்த தேன் நிறம். அந்தப் பாதையில் ஓடிய மற்ற லொறிக்காரர்கள் குழாயைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார்கள். வெள்ளத்துக்குக் காத்துக் கிடக்கிற நேரத்தில் பலருக்கு நானே பூட்டிக் கொடுத்திருக்கிறேன். முதலில் பிளக்கைத் தளர்த்தி அந்த உஸ் சத்தத்தைக் கேட்கவைப்பேன். கேட்ட பிறகு யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பாதையைப் பற்றியும் ஒரு சொல். காட்டுக்குள் வண்டி ஓடக்கூடாது என்று சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1938 முதல் தேசிய வனமாக இருக்கிற இடம் அது; அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. 20 வருடம் கழித்து ஊர் திரும்புகிற சனத்துக்குக் கிட்டின வழி அது ஒன்றுதான் என்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டாவது பக்கத்தவன், மறைக்கவில்லை. ஆனால் பாதை திறந்தாலும் மூடினாலும் எலுவன்குளத்துச் சனம் கலா ஓயாவைக் கடந்துதான் ஆக வேண்டும். வயல் அக்கரையில், வீடு இக்கரையில் என்று இருக்கிறவர்களுக்கு மாரி தோறும் ட்ரெக்டர்தான் தோணி. அந்த இடத்துக்கு வெள்ளத்துக்கு மேலே நிற்கிற ஒரு பாலம் வேண்டும். வண்டிகளுக்காக மட்டும் கேட்கவில்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் நோயாளிகளும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மாமா லொறியை விற்றபோது வாங்க வந்தவர் குருநாகல் பக்கத்து ஆள். அடியில் குனிந்து பார்த்து, எக்ஸலிலிருந்து மேலே ஏறிப் போகிற ரப்பர் குழாயைப் பிடித்து, இது எதற்கு, தேவையில்லாவிட்டால் கழற்றிவிடலாமா என்று கேட்டார். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். தெதுறு ஓயாவில் மணல் ஏற்ற என்றார். குழாயைத் தொட வேண்டாம், நுனி வலையை மட்டும் மாதத்துக்கு ஒருதரம் கழுவுங்கள் என்று சொல்லி, வண்டிக்குக் கீழே அவரையும் படுக்கவைத்து, பிளக் எங்கே இருக்கிறது, எந்த ஸ்பனர் பிடிக்கும் என்பதையும் காட்டிக் கொடுத்தேன்.